பாவனை விண்பயணமும் பணிப்பதிவேடும்

மொழிபெயர்ப்பாளனுக்குத் தொல்லை தருவன பெரும்பாலும் நீண்ட சொற்கள் அல்ல. 'சிமுலேஷன்' என்பதற்குத் தமிழில் எதை இடுவது என்னும் வினா சென்ற ஆண்டு என்னை இரண்டு வாரங்கள் அலைக்கழித்தது. பெங்களூரில் பள்ளி மாணாக்கருக்கென நடத்தப்பெறும் ஒரு விண்பயணப் பயிற்சியின் குறிப்பேட்டைத் தமிழாக்கித் தரும்படி அன்பர் சிலர் கேட்டிருந்தனர். 'போலி' என்றால் ஏமாற்று என்னும் பொருள் தோன்றுகிறது. 'ஒத்திகை' என்றால் பின்னர் அரங்கேற்றம் ஒன்று உண்டு என்றாகிறது. அப்பயிற்சியில் அமரும் பிள்ளைகளுள் ஆயிரத்தில் ஒருவரேனும் விண்ணுக்குச் செல்வாரோ என்பது ஐயமே. 'பாவனை' என்று எழுதி அடித்தேன், மீண்டும் எழுதினேன். இதற்கிடையில், பயிற்சிக்கு வந்த எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று வினவினேன். "ராக்கெட்டிலே போனா எப்படி இருக்கும்னு செஞ்சு பார்க்கப் போறேன்னு சொன்னேன் சார்" என்றான். 'செய்து பார்த்தல்' என்பதினும் தெளிவான மொழிபெயர்ப்பை நான் கண்டிலேன். ஆயினும் குறிப்பேட்டின் தலைப்புக்கு அது பொருந்தி வாராமையால், 'பாவனைப் பயணம்' என்பதே நிலைத்தது. இக்கட்டுரையிலும் அவ்வாறே வழங்குவேன்.

பயிற்சி நடைபெறும் இடம் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், ஒரு வகுப்பறையின் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, அதனை விண்கலமாக்கி விடுகின்றனர். அடுத்த அறை தரைக் கட்டுப்பாட்டு நிலையம். ஓர் அறையினர் மற்ற அறையினரைக் காண இயலாது. கம்பித் தொலைபேசி ஒன்றே அவர்களுக்கு இடையிலுள்ள உறவு. கலத்தில் இருப்போர் மானிகளைப் பார்த்து அளவுகளைச் சொல்ல, தரையில் இருப்போர் அவற்றைக் குறித்துக் கணக்கிட்டு, செய்ய வேண்டியதை அறிவிக்கின்றனர். பாதி நேரம் கழிந்ததும் இரு குழுவினரும் இடம் மாறிக் கொள்கின்றனர். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தட்டி ஒன்று உண்டு. அதன் பின்னால் இருப்பவர்களைப் பற்றியே நான் எழுதப் புகுந்தேன்.

அங்கே ஐவர் உளர். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், பொறியியல் கல்லூரி மாணவியர் இருவர், பள்ளியின் பௌதிக ஆசிரியை, ஆய்வுக்கூட உதவியாளர். இவர்களுள் உதவியாளரே எனக்கு முதலில் நண்பரானார். அவருக்கு விண்வெளியைப் பற்றிய கவலை சிறிதும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை தாம் ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு சனிக்கிழமை காலை விட்டுப்போகுமோ என்பதே அவருடைய கவலை. பழைய மின்கலங்களைக் கழற்றிப் புதியன மாட்டுவதும், கறுப்புத் துணியில் ஊசித்துளை இருந்தால் அதனை அடைப்பதும், பிள்ளைகள் இழுத்து அறுத்த கம்பிகளை ஒட்டுவதும் அவர் பொறுப்பு. பிள்ளைகள் வீடு சென்றபின் இரண்டு மணி நேர வேலை அவருக்கு எஞ்சியிருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவ என்னையும் தட்டியின் பின்னால் உட்கார வைத்தனர். கன்னடத்தை ஆசிரியை பார்த்துக்கொண்டார். அன்று பொறியாளர் வகுத்திருந்த இடர் பின்வருமாறு: கலத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட இரண்டு மானிகள் உள்ளன, ஒன்று முதன்மையானது, மற்றொன்று உதவிக்கானது. முதன்மை மானியின் முள்ளைத் தட்டியின் பின்னாலிருந்து மெல்ல இறக்க வேண்டும். உண்மையில் கலத்தில் கசிவு ஏதும் இல்லை; மானியே பழுது. இரண்டாம் மானியைப் பார்த்தால் இது விளங்கிவிடும். பாராமல் அஞ்சிப்போய்ச் சேமிப்பு உருளையைத் திறந்து விட்டால், திரும்பும் வழியில் பிராணவாயு போதாமற்போகும். முள் இறங்கிற்று. கலத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் பதறினர். தரையிலிருந்து கூற வேண்டிய வாக்கியம் ஓர் அட்டையில் எழுதியிருந்தது: 'மானியின் அளவைக் கூறுக.' நான் தொலைபேசியில், "இரண்டு மானிகளின் அளவையும் கூறுங்கள்" என்றேன்.

அரை நிமிஷத்தில் இடர் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினர். எனக்கும் மகிழ்ச்சிதான். பொறியாளர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, தாழ்ந்த குரலில், "சார், நீங்க ஒரு சொல் அதிகமாச் சொல்லிட்டீங்க. அந்த ஒரு சொல்லுக்காக நான் நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்" என்றார். மூலத்தில் இல்லாததைக் கூட்டுதல் எங்கள் தொழிலில் முதற்பிழை. இருபது ஆண்டுகளாகப் பிறருக்கு அதனைச் சொல்லி வருபவன், ஒரு முள் இறங்கியதற்கு இரங்கி அதே பிழையைச் செய்தேன்.

உதவி செய்வது எளிது. இந்த இடத்தில் உதவாதிருக்க வேண்டும் என்று அறிவது அரிது. வேறொரு சனிக்கிழமையில், கலத் தலைவியாக இருந்த சிறுமி ஒருத்தி அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது அதே பொறியாளர் ஒருவரும் அறியாதபடி முள்ளைச் சற்றே மேலேற்றி, அவள் மூச்சு விட்டுக்கொள்ள இரண்டு நிமிஷம் இடம் கொடுத்து, பிறகு மீண்டும் இறக்கினார். எந்தக் குறிப்பேட்டிலும் இதனை எழுதிவிட முடியாது. பிள்ளையின் குரலைக் கேட்டுக் கை தானே அறிய வேண்டும். பாவனைப் பயணத்தின் உயிர் மானிகளில் இல்லை, அந்தக் கையில் இருக்கிறது என்பது என் துணிபு.

சந்திரப் பயணத்தின் வரலாறு அறிந்தவர்க்கு இது புதிதன்று. 1969ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், அப்போலோ-11 புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தாருக்கு ஒரு பாவனை இறக்கம் நடத்தப்பெற்றது. அதனை நடத்திய டிக் கூஸ் என்பவர், இறங்கு கலத்தின் கணினி ஓர் அபாய எண்ணைக் காட்டும்படி செய்தார். அதன் பொருள் அறியாத கட்டுப்பாட்டாளர் ஸ்டீவ் பேல்ஸ், இறக்கத்தைக் கைவிடும்படி கூறினார். கைவிட வேண்டிய அவசியம் இருந்ததில்லை என்று பின்னர் நடந்த ஆய்வில் கூஸ் எடுத்துரைத்தார். உடனே எல்லா அபாய எண்களுக்கும் உரிய விளக்கத்தைத் தொகுக்குமாறு ஆணை பிறந்தது. ஜாக் கார்மன் என்னும் 24 வயது இளைஞர் அப்பட்டியலைக் கையால் எழுதி வைத்தார். ஜூலை 20ஆம் நாள் மெய்யாகவே சந்திரனில் இறங்கும்போது 1202 என்னும் அபாய எண் தோன்றிற்று. பின்னறையிலிருந்த கார்மன் பட்டியலைப் பார்த்துச் சொல்ல, பேல்ஸ் தொடரலாம் என்றார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். டிக் கூஸின் பெயரை அறிந்த ஆசிரியர்களையும் நான் அதிகம் சந்தித்ததில்லை.

மாணாக்கருக்கென்றே அமைந்த பாவனைப் பயணங்கள் ஒரு துயரத்திலிருந்து பரவின. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் 'சாலஞ்சர்' விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதைந்தது. மாண்ட எழுவருள் கிறிஸ்டா மக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியையும் ஒருவர். இறந்தோரின் குடும்பத்தினர் சிலை வைக்க எண்ணாமல், பிள்ளைகள் விண்பயணத்தைச் செய்து பார்க்கும் நிலையங்களை நிறுவ முற்பட்டனர். முதல் நிலையம் 1988இல் ஹூஸ்டனில் திறக்கப்பெற்றது. கலம் ஓர் அறை, தரை ஓர் அறை, நடுவில் இடமாற்றம் என்னும் முறை அங்கே வழங்குவதுதான். 1990இல் யூட்டா மாநிலத்தின் பிளெசண்ட் குரோவ் என்னும் ஊரில், விக்டர் வில்லியம்சன் என்னும் ஆசிரியர் தம் தொடக்கப் பள்ளியிலேயே ஒரு பாவனைக் கலத்தை அமைத்து, அதற்குக் கிறிஸ்டா மக்காலிஃபின் பெயரையே சூட்டினார். அங்கே இளந்தொண்டர்கள் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுத்தும் வேடம் புனைந்தும் பயணத்தை நடத்தினர். முன்னர்ப் பயணியாய் வந்தவர்களே பின்னர்த் தொண்டராய் அமர்வதும் உண்டு.

பாவனை என்றால் பிள்ளை விளையாட்டு என்று எண்ணும் அதிகாரிகளுக்குப் பெங்களூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். சந்திரயான்-2 திட்டத்துக்காக இங்குள்ள இஸ்ரோ வளாகம் ஒன்றில் சந்திரத் தரையை ஒத்த சோதனைக் களம் அமைக்க வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய மண்ணை அயல்நாட்டில் வாங்குவதாயின் பெரும்பணம் செலவாகும். சந்திரனின் மேட்டுப் பகுதியிலுள்ள அனார்த்தோசைட் என்னும் பாறை வகை, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களிலும் உள்ளது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியலார் முதலிய அறிஞர்களின் துணையுடன், அப்பாறை சேலத்தில் வேண்டிய நுண்மைக்கு அரைக்கப்பெற்றுப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது டன்னுக்குக் குறையாத மண். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும் அல்லவா? அதற்காக உலாவி வண்டியை ஹீலியம் பலூனில் கட்டித் தூக்கிப்பிடித்து ஓட்டிப் பார்த்தனர். சூரிய ஒளி விழும் பாங்கும் விளக்குகளால் ஒப்பிக்கப்பட்டது. இறங்கு கலத்தின் உணர்கருவிகளைச் சோதிக்கச் சித்திரதுர்க்க மாவட்டத்துச் சள்ளகெரெ அருகே செயற்கைப் பள்ளங்களைத் தோண்டி, அவற்றின் மேல் விமானம் பறக்க விடப்பட்டது.

2019 செப்டம்பரில் முதல் முயற்சி தவறிற்று. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 இறங்கிற்று. அன்று நாடெங்கும் கொண்டாடினோம். சித்தம்பூண்டியில் பாறை உடைத்தவரும், அரைவை யந்திரத்தில் தூசி குடித்தவரும், சுமையேற்றி வந்த லாரி ஓட்டுநரும் அவ்விரவு வானொலியைக் கேட்டிருப்பர். தம் பங்கு இன்னதென்று அவர்களிடம் யாரேனும் சொன்னார்களோ, அறியேன்.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். கருவிக்குப் பணம் இல்லை என்று கூறும் காலம் பெரிதும் கடந்துவிட்டது. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க ஆய்வுக்கூடத் திட்டத்தின்கீழ், பள்ளி ஒன்றுக்கு 20 இலட்ச ரூபாய் வரை உதவி அளிக்கப்பெற்று, பதினாயிரம் பள்ளிகளுக்குமேல் இக்கூடங்கள் ஏற்பட்டுள்ளன. ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. இஸ்ரோ 2019 முதல் நடத்தும் 'யுவிகா' என்னும் முகாமில், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் பெங்களூர் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் நிலையம் முதலிய இடங்களில் தங்கிப் பயில்கின்றனர். குளிர்பானக் குவளையளவே உள்ள 'கேன்சாட்' எனும் பாவனைச் செயற்கைக்கோளைச் செய்து, மேலே அனுப்பி, குடைவிரித்து இறங்குகையில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் வானொலி வழியே பெறும் சோதனையும் பரவி வருகிறது. 1998இல் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ட்விக்ஸ் கூறிய யோசனை அது. 2025 ஜூன் 25ஆம் நாள் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்ட பிறகு பிள்ளைகளின் ஆர்வத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

குறையாக நான் காண்பது ஒன்றே. கருவியின் விலை பதிவேட்டில் ஏறுகிறது. அதனை உயிர்ப்பிக்கும் ஆளின் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வரும் அதிகாரி, கருவிகளை எண்ணிக் கையொப்பமிடுகிறார். வெள்ளிக்கிழமை இரவில் இடர் வகுப்பதற்கு எத்தனை மணி நேரம் சென்றது என்று கேட்பாரில்லை. ஆள் இல்லாத இடத்தில் கருவி பெட்டியைவிட்டு வெளியே வருவதும் இல்லை. அங்ஙனம் நெகிழித்தாள் பிரிக்கப்படாத பெட்டிகளை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எந்த ஊரென்று கூறுதல் முறையன்று.

'இது தொண்டு, தொண்டிற்குக் கணக்கு எதற்கு?' என்று சிலர் வினவுகின்றனர். அவர்கள் நல்லெண்ணத்துடனேயே கேட்கின்றனர் என்பதை ஒப்புகிறேன். அடல் கூடங்களுக்கு வழிகாட்டிகளாக வருவோர் ஊதியமின்றி வாரத்தில் ஓரிரு மணி நேரம் அளிக்கின்றனர், அது போற்றத்தக்கதே. எங்கள் பொறியாளரிடம் பணம் தருவதாகச் சொன்னால் அவர் வருவதை நிறுத்திவிடவும் கூடும். ஆனால் அவர் ஓய்வூதியம் பெறுபவர். பிள்ளைகள் வேலையில் அமர்ந்துவிட்டனர். வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி உள்ளது. விமானமும் செயற்கைக்கோளும் மின்னணுக் கருவியும் செய்யும் நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரில் இத்தகைய பெரியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாமராஜநகரத்திலோ தருமபுரியிலோ ஒரு சிற்றூர்ப் பள்ளி இவரைப் போன்றவரை எங்கே தேடும்? அங்கே தட்டியின் பின்னால் உட்காரக் கூடியவர் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரே. தொண்டையே நம்பினால், ஓய்வு பெற்ற பொறியாளர் வாழும் தெருக்களில் மட்டுமே விண்கலம் பறக்கும்.

ஆசிரியரின் நிலையோ வேறு. எங்கள் பௌதிக ஆசிரியை பணியாற்றும் பள்ளி இப்பயிற்சி நடக்கும் பள்ளிதான். ஆதலால் அவருக்கு இடையூறு குறைவு. வேறு பள்ளியிலிருந்து பதினைந்து பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வரும் ஆசிரியை ஒருவர் உண்டு. கர்நாடகத்தில் சனிக்கிழமை காலைப் பள்ளி உண்டாகையால், அவர் அன்று தம் பள்ளியில் இல்லாததற்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தே வருகிறார். பேருந்துக் கட்டணம் அவர் கைப்பணம். தலைமையாசிரியரைக் குறை கூற நான் வரவில்லை. மாற்றுப்பணி என்று எழுதுவதற்கு அவரிடம் சுற்றறிக்கை ஏதும் இல்லை. சுற்றறிக்கை இல்லாத இடத்தில் நல்லவரும் விடுப்பு விண்ணப்பமே கேட்பார். இருபது ஆண்டு சர்க்கார் ஊழியத்தில் இதனை நான் நன்கு கற்றிருக்கிறேன்.

வழி இல்லாமலில்லை. தேர்தலுக்கும் மக்கட்கணக்கெடுப்புக்கும் செல்லும் ஆசிரியர் விடுப்பு எழுதுவதில்லை, அந்நாட்கள் பணிநாட்களாகவே கொள்ளப்படுகின்றன, மதிப்பூதியமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 27ஆம் பிரிவில், கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகியவை நீங்கலாக, கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என விதித்துள்ளது. பாவனைப் பயணமோ கல்வி சாராத வேலையன்று, கல்வியேயாகும். எனவே ஆண்டுக்கு இத்தனை நாள் என வரம்பிட்டு, மாணாக்கருடன் வரும் நாளையும், பயிற்சி வகுக்கும் நாளையும் மாற்றுப்பணியாகக் கொள்ளலாம் என்று கல்வித் துறைகள் ஒரு சுற்றறிக்கை விடுத்தால் போதும். அத்துடன் பயணப்படி வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளரின் கூடுதல் நேரத்துக்கு ஈடுசெய் விடுப்பு வேண்டும். செய்த பணி பணிப்பதிவேட்டில் ஒரு வரியாகப் பதியப்பெற வேண்டும். பொறியாளர் போன்ற தொண்டருக்கு ஊதியம் வேண்டாம். பேருந்துச் செலவும், கைகால் அடிபட்டால் மருத்துவச் செலவும் யாருடையது என்பதை மட்டும் எழுதி வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு கூடத்துக்கு அளிக்கும் 20 இலட்சத்தின் முன் மிகச் சிறிது.

இவ்விதழைப் படிக்கும் களப்பணியாளருக்கும் ஒன்று கூற வேண்டும். தட்டியின் பின்னால் உட்கார விண்வெளி விஞ்ஞானியே வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் காலை 8-30 மணிக்கு மழைமானியையும் வெப்பமானியையும் பார்த்துக் குறிக்கும் வானிலை நோக்கர், 'இந்த அளவை நம்பலாமா, கருவி பழுதா?' என்னும் வினாவுடனேயே வாழ்பவர். மண் மாதிரி எடுப்பவரும், ஆற்று நீர்மட்டம் பார்ப்பவரும் அத்தகையவரே. பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தக்க இடர்கள் அவர்களிடம் ஏராளம். எங்கள் பொறியாளர் வகுத்த அழுத்தமானிக் கதைகூடத் தொழிற்சாலையில் அவர் மெய்யாகவே ஏமாந்த ஒரு நாளிலிருந்து பிறந்தது என்று பின்னர்ச் சொன்னார்.

குறிப்பேட்டின் தமிழாக்கம் முடிந்துவிட்டது. ஓரத்தில் 'அட்டையில் உள்ளதை மட்டுமே படிக்க' என்று சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மூலத்தில் இல்லாதது, ஆயினும் பொறியாளர் இம்முறை மறுக்கவில்லை. இப்பருவத்தில் இன்னும் மூன்று சனிக்கிழமைகள் பயிற்சி உண்டு. பேருந்தில் பிள்ளைகளை அழைத்து வரும் அந்த ஆசிரியைக்கு எஞ்சியுள்ள தற்செயல் விடுப்பு இரண்டு நாள்.